கார்த்திகையில் ருசி பார்த்த கிணறு

தண்ணீர்க் கேன் போட வருகிறவர் நேற்று புதிதாக ஒன்றை இறக்கிவைத்துவிட்டு, "இது வேற கம்பெனிம்மா, குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். என் மகள் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். வாயில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, எந்த ஊர் மண்வாசனையும் இல்லை. நல்லாயிருக்கு என்று சொல்லிவைத்தேன். கேன்காரர் சந்தோஷமாகப் போனார்.

ஒரு காலத்தில் என் நாக்குக்கு இந்தக் கடற்கரையில் நல்ல பெயர். இது பாம்பன் மணல் ஊற்று, இது தொண்டிக் கிணறு, இது வாலிநோக்கத்து ஊருணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். சுற்றிலும் தண்ணீராகக் கிடக்க, குடிக்க ஒரு பானைதான் என்றால் நாக்கு தானாகவே கூர்மையாகிவிடும்.

ஆமாம், கடலில்தான் கிடந்தோம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு அவருடைய அய்யா விட்டுப்போன சொத்து, ஒற்றைப் பாய் கட்டிய ஒரு வத்தை, சரக்கு ஏற்றும் தோணி. வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றுவோம். பாம்பன் பாலத்தடியில் பாய்மரத்தைச் சாய்த்து நுழைந்து, தொண்டியில் கொண்டுபோய் இறக்குவோம். கூட ஓடிய ஆள் கொழும்புக்குப் போய்விட்டதால், கல்யாணமான இரண்டாம் மாதமே நான் ஏறிவிட்டேன். பொம்பளை வத்தையில் ஏறுவதா என்று கரையில் முணுமுணுத்தார்கள். "விட்டுட்டு வாறதுக்கு எனக்கு வீடா இருக்கு?" என்று அவர் சிரித்துவிட்டுப் பாயை அவிழ்த்தார்.

உப்பு மூட்டை, ஈரப் பாய், அடுப்புப் புகை. இந்த மூன்று வாசனையும் கலந்ததுதான் எனக்குக் குடும்பம் நடத்திய வாசனை. மணல் பரப்பிய பெட்டிக்குள் அடுப்பை வைத்துச் சோறு பொங்குவேன். காற்று திரும்பினால் ஒரு கையால் பானையையும் மறு கையால் சுக்கானையும் பிடிப்பேன். சண்டை போட்டுக்கொண்டால் கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது. அவர் முன்பக்கம் பார்த்து உட்காருவார், நான் பின்பக்கம் பார்த்து உட்காருவேன். ஒரு கல் தூரம் போவதற்குள் யாராவது ஒருவர் பேசித்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் அவர்தான் பேசுவார். நான் அத்தனை நல்லவள் இல்லை.

நாலு வருஷம் இப்படி ஓடியது. பிறகு நான் உண்டானேன். பிள்ளையைத் தரையில்தான் பெறவேண்டும், நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று கடலைக் கலக்கிவிடும். வத்தைகளைக் கரையேற்றிவிட்டு, தை வரை எல்லாரும் தரையில்தான். அந்த மழைக்காலத்தில்தான் இடம் பார்க்க அலைந்தோம். அவர் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கைப்பிடி மணலைத் தூவிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். வீட்டையும் நங்கூரம் போட்டுத்தான் நிறுத்துவாரோ என்று நான் கேலி செய்வேன். நான் பார்த்தது தண்ணீரை.

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கரையை ஒட்டி, நாலு தென்னையும் ஒரு கிணறுமாக ஓர் இடம் கிடைத்தது. கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தேன். கற்கண்டு. அதோடு விடவில்லை. அங்கேயே கல்லைக் கூட்டி, அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகப்போட்டேன். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். இதுவோ வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிலத்துக்காரர் தொண்டியில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர். நல்ல மனிதர். "கோடையில எப்படின்னு இங்கன தண்ணி எடுக்குற பொம்பளைகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா. எனக்கு நெசமாத் தெரியாது" என்றார்.

என் வீட்டுக்காரரும், "சித்திரையில ஒருதரம் வந்து பாத்துட்டு முடிப்போமே புள்ள" என்றார்.

"சித்திரையில நம்ம எந்தக் கடல்ல கெடப்போமோ. என் நாக்கு பொய் சொல்லாது, முடிங்க."

கிணற்றடியில் மூன்று பெண்கள் நின்றார்கள். "எந்த ஊருத்தா?" என்று கேட்டார்கள். நான் வத்தையைப் பற்றி, பாம்பனைப் பற்றி, சுக்கான் பிடித்ததைப் பற்றியெல்லாம் அளந்தேன். கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை. நாலு வருஷமும் நாங்கள் தரையில் இருந்ததெல்லாம் மழைக்காலத்தில்தான். மழைக்காலத்தில் எந்தக் கிணறுதான் இனிக்காது? இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓலை வீடு எழும்பியது. பழக்கதோஷம், பானைகளை உருளாமல் இருக்கத் தூணோடு கயிற்றால் கட்டிவைத்தேன். அவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். தையில் மகள் பிறந்தாள். பங்குனியில் தண்ணீர் லேசாகக் கரித்தது. நாக்கில் கோளாறு என்று நினைத்தேன். சித்திரையில் வாயில் வைக்க முடியவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பமேத்தா" என்றார்கள் கிணற்றடிப் பெண்கள். அவர்கள் கோடை முழுவதும் இரண்டு மைல் நடந்து ஊருணியில் எடுப்பார்களாம். பிள்ளைபெற்ற உடம்பு எனக்கு அத்தனை தூரம் தாங்கவில்லை. அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு நடைக்கும் பாம்பன் ஊற்றில் இரண்டு பீப்பாய் நிரப்பி, உப்போடு உப்பாக ஏற்றிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் லேசாகப் போயிருக்கும்.

ஆடியில் கச்சான் காற்று பேயாக அடித்தது. பாம்பனில் எல்லா வத்தைகளும் காற்று தணியட்டும் என்று காத்துக் கிடந்தனவாம். இவர் மட்டும் பாயை ஏற்றியிருக்கிறார். நான் இறங்கிய பிறகு அவரோடு ஓடிய பங்காளி, ஏறமாட்டேன் என்று கரையில் நின்றுவிட்டார். அந்தப் பங்காளிதான் வந்து சொன்னார். "ரெண்டு நாள் பொறுங்கண்ணேன்னு கெஞ்சினேன் மதினி. 'வீட்டுல தண்ணி தீந்துருக்கும்டா, பச்சப்பிள்ளக்காரி'ன்னுட்டுப் போயிட்டாரு."

மூன்றாம் நாள் தேவிபட்டினத்துப் பக்கம் வத்தை கவிழ்ந்து ஒதுங்கியது. அவர் ஒதுங்கவே இல்லை. வலைக்காரர்கள் மிதந்துவந்த ஒரு பீப்பாயைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். அடைப்பு அப்படியே இருந்தது. திறந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். பாம்பன் ஊற்று. ஒரு சொட்டு உப்பு கலக்கவில்லை. ஊரே சுற்றி நின்று அழுதது. வீட்டில் வேறு நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளை பசியில் வீறிட்டாள். அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி வைத்து ஊட்டினேன். எட்டு நாள் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பத்தே நாளில் கிணறு பழையபடி இனித்தது. இருந்திருந்தால் வத்தையைக் கரையேற்றிவிட்டு அவரும் வீட்டில்தான் இருந்திருப்பார்.

போன வருஷம் மகளோடு காரில் அந்த வழியாகப் போனேன். எங்கள் மனை இருந்த இடம் இறால் பண்ணை. கிணற்றை மூடிவிட்டார்கள். கச்சான் என்றால் அங்கே நின்ற பையன்களுக்குப் புரிகிறது, வத்தை என்றால் புரியவில்லை. அந்த மூன்று பெண்களைப் பற்றி விசாரித்தேன். கடைசி ஆளும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாம். எதற்குத் தேடுகிறாய் என்றாள் மகள். ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருந்தது என்றேன்.