முன் சக்கரத்தில் ஒரு டொக்

சத்தம் இடப்பக்க முன் சக்கரத்துக்கு அருகிலிருந்து வந்தது. மூடிய டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் புரள்வதுபோல ஒரு ‘டொக்’. எல்லா நேரமும் வராது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள்; துபாயில் கட்டடங்களுக்கு ஏசிக் காற்றுக்குழாய் வடிவமைக்கும் வேலை. ஆகவே அந்தச் சத்தத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது.

முதல் கருத்து அண்ணனுடையது. அவன் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறான். அஜ்மானில் அவனும் அண்ணியும் இருக்கும் ஃபிளாட்டில்தான் நானும் இருந்தேன்.

“ஸ்பீடு பிரேக்கர் ஹம்ப்புல தூக்கித் தூக்கிப் போட்டா சத்தம் வராம பாட்டா வரும்? இந்த ஓட்டை வண்டிய வித்துத் தொலைச்சுட்டு என் வண்டியிலயே வந்துரு.”

அவன் வண்டியில் போவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்பது அவன் கொள்கை. என் அலுவலக வாசலில் நான் இறங்கும்போது காவலாளிகூட வந்திருக்க மாட்டார். மாலையில் அவன் மேனேஜர் சீட்டைவிட்டு எழுந்த பிறகே அவன் எழுவான். வழி முழுக்கப் பங்குச்சந்தை வீடியோ. இடையில் எனக்குப் பசித்தால் அது என் திட்டமிடலின் குறை. என் சம்பளத்தில் நானே வாங்கிய அந்தப் பழைய கார்தான் இதிலிருந்தெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதற்குள் அவன் நண்பனின் ரூம்மேட் ஒருவர் காரை வாங்கத் தயாராகிவிட்டார். “சனிக்கிழமை சாயங்காலம் வர்றாரு. அதுக்குள்ள சத்தம் போச்சுன்னா நீயே வச்சுக்க. போகலன்னா பேச்சே கிடையாது” என்றான் அண்ணன். மறுத்தால் ஊருக்கு போன் போகும், அம்மா “அண்ணன் சொல்றதக் கேளு” என்பார், விவாதம் முடிந்துவிடும்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அண்ணன் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஃபோர்மன் யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனிதர். காரைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“அண்ணர் வரேல்லையோ?”

“கார் என்னோடதுதான், அண்ணே.”

“ஓம், ஓம். அண்ணர் வந்தால் விளங்கப்படுத்தலாம் எண்டுதான் கேட்டனான்.”

பிரேக் போடும்போது சத்தம் இல்லை, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் இல்லை, ஹைவேயில் இல்லை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். வரிசை பாதிகூடப் போகவில்லை.

“பிள்ளை, வெளியில சரியான வெக்கை. உள்ள ஏசியில இருங்கோ.”

கண்ணாடி அறை, பிளாஸ்டிக் உறை போட்ட சோபா, கரக் டீ. காரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார வைக்கிறார்களோ, அவ்வளவு மரியாதை என்று புரிந்துகொண்டேன். ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும் என்ற முடிவு போன் வழியாக அண்ணனுக்குப் போய், அவனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. மாற்றினார்கள். சத்தம் நலமாக இருந்தது. அடுத்த முறை போனபோது லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் வளையம் மாறியது. சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்த முறை ஃபோர்மன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியை என்னிடம் நீட்டினார்.

“நான் வடிவா ஓடிப் பாத்தனான். ஒரு சத்தமும் இல்லைப் பிள்ளை. சில பேருக்குக் காதுக்குள்ள ஏசிக் காத்துப் போனால் இப்பிடிக் கேக்கும்.”

ஏசிக் காற்று எங்கெங்கே போகும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. காதுக்குள் போகும் வழியை மட்டும் கல்லூரியில் விட்டுவிட்டார்கள்போல.

ஆனால் சோபாவில் உட்கார்ந்ததில் ஒரு லாபம் இருந்தது. கண்ணாடி வழியாக அவர் ஓட்டுவது முழுதும் தெரிந்தது. கேட்டைத் தாண்டுவார், ஹம்ப்பில் நேராக ஏறி இறங்குவார், திரும்பி அதே ஹம்ப், பிறகு உள்ளே. எனக்கோ சத்தம் கேட்பது எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில். தெருவில் பார்க்கிங் கிடைக்காத எல்லோரும் அங்கேதான் நிறுத்துவோம். உடைந்த நடைபாதை விளிம்பில் காரைச் சாய்வாக ஏற்ற வேண்டும். ஒரு சக்கரம் மேலே, மற்றது கீழே.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி இணைக்கிறது. கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் இரு முனைகளையும் சக்கரத்தோடு சேர்ப்பவை லிங்க் என்ற சிறு தண்டுகள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பிக்கு வேலை இல்லை, லிங்க் தூங்கும். ஒன்று மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுக்கும். லிங்க்கின் மூட்டு தேய்ந்திருந்தால் ‘டொக்’. ஃபோர்மன் லிஃப்டில் காரை மேலே தூக்கினாலும் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தொங்குவதால் அப்போதும் அது தூங்கும். தூங்குகிற ஆளையே திரும்பத் திரும்ப விசாரித்துக் குற்றமற்றவர் என்று விடுவித்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை அண்ணனும் கூட வந்தான், துக்கம் விசாரிக்க வருகிறவன் முகத்தோடு. “வாங்கோ தம்பி, வாங்கோ” என்று ஃபோர்மன் அவனை நேராகக் காரின் பக்கத்துக்கே கூட்டிப் போனார். அவனுக்கு சோபா கிடையாது.

நான் லிங்க் என்றேன்.

“அதெல்லாம் ஆட்டிப் பாத்திட்டன். கல்லு மாதிரிக் கிடக்கு” என்றார் ஃபோர்மன்.

“வெளிய அந்த மண் மேட்டுல ஒரு சக்கரத்த மட்டும் ஏத்துங்க. நான் சக்கரத்துக்குப் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்.”

“ஐயோ, பிள்ளை மண்ணில குந்தியிருந்தால் ஆக்கள் என்ன நினைப்பினம்?”

அண்ணன் பக்கம் திரும்பினேன். “நீ ஓட்டுண்ணா. அவரு பக்கத்துல உக்காரட்டும்.”

“எனக்கு எதுக்கு இந்த வேலை?”

“வாங்க வர்றவரு சத்தம் எங்க வருதுன்னு கேட்டா, நீதான பதில் சொல்லணும்?”

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. இருவரும் ஏறினார்கள். இடது சக்கரம் மேட்டில் ஏறியது. டொக். இறங்கியது. டொக். நான் மண்ணில் குந்தியிருந்தேன். ஆட்கள் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருவர் டயரை உருட்டிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்.

ஃபோர்மன் கதவைத் திறந்து இறங்கினார். “ஓம். கேக்குது.” சற்று யோசித்துவிட்டு, “தம்பி ஓடினபடியால்தான் பிடிபட்டது” என்றார்.

எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் லிங்க் மாறிவிட்டது. மறுபடி மேட்டில் ஏற்றினார்கள். மணல் நெரியும் சத்தம் மட்டும்தான்.

அண்ணன் முகம் மலர்ந்தது. “இப்ப வித்தா இன்னும் நல்ல வெலைக்குப் போகும்.”

“சத்தம் போச்சுன்னா வச்சுக்கன்னு சொன்னது யாரு?”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“சரி. அப்ப பேரையும் நீயே மாத்திக் குடு. வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் முல்கியாவுல யாரு பேரு இருக்குன்னு பாத்துட்டுப் பேசு.”

கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபோர்மன் குரல் கொடுத்தார். “ஓம் தம்பி. கார் பிள்ளையின்ர பேரில எண்டால் பிள்ளைதான் வந்து கையெழுத்து வைக்கோணும்.” அவர் வாயில் அந்தக் கார் முதல்முறையாக என் பெயருக்கு வந்தது. சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

அஜ்மான் வரை நானே ஓட்டினேன். ஒவ்வொரு ஹம்ப்பிலும் அண்ணன் காதைக் கதவோரம் சாய்த்துப் பார்த்து ஏமாந்தான். வழியில் அவன் போன் அடித்தது, வாங்க இருந்தவர்.

“இல்லப்பா, குடுக்கறதா இல்ல. தங்கச்சி டூட்டிக்குப் போகணும்ல, நான்தான் வச்சுக்கன்னு சொல்லிட்டேன். ஆமா, லிங்க்தான். ஒர்க்‌ஷாப்காரனுக்கே தெரியல. நான் ஓட்டிக் காட்டினப்புறம்தான் கண்டுபிடிச்சான்.”

நான் இண்டிகேட்டர் போட்டு மைதானத்துக்குள் திருப்பினேன்.

திங்கட்கிழமை இருட்டு பிரியும் முன் அவன் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.