வளர்மதி டீச்சர் சமைத்த கெட்ட பொரியல்

வளர்மதி டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளி வாட்ஸப் குழுவில் வந்தது. "கோஸ் பொரியலுக்குப் பெயர்போன நம் பழைய கணக்கு டீச்சர் இயற்கை எய்தினார்" என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கல்வராயன் மலையில் அத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரை ஒரு பொரியலாகச் சுருக்கிவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொரியல் நன்றாகத்தான் இருக்கும். கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்ததும் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பொடியாக நறுக்கிய கோஸை மூடாமல் வதக்கி இறக்குவார். "தண்ணி ஊத்தாதீங்க டீச்சர், அதுவே வுடும். மூடி வச்சா நாறும்" என்பார், உடன் வேலை பார்த்த என்னிடம். அவர் டப்பாவைத் திறந்தால் ஸ்டாஃப் ரூமில் கை நீட்டாதவர்கள் கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத பொரியல் ஒன்று உண்டு.

அது மழைக்காலம். விடுதிப் பிள்ளைகள் வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "காலையில இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்ட டீச்சர், பதில் வந்ததும் நேராக விடுதிச் சமையலறைக்குப் போனார், நானும் போனேன். மூட்டையில் கோஸ் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. "கான்ட்ராக்டர் அனுப்பறது இதாங்க. நான் இன்னா பண்றது?" என்றார் சமைக்கும் அம்மா. வார்டனிடம் முறையிட்டோம். "அழுகனத வெட்டிப் போட்டுட்டு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வாரமே கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அவருக்குக் கோழிக் குழம்பு. "டீச்சர், உங்க கோஸ் பொரியலும் பண்ணிடுங்களேன்" என்று வார்டன் குழைந்தார். டீச்சர் சரியென்றார். அந்த மூட்டையிலிருந்தே கோஸை எடுத்தார். வழக்கம்போலத் தாளித்தார், தேங்காய்கூடத் துருவிப் போட்டார். தாளிப்பை மீறி நாற்றம் வந்தது. அவரே கொண்டுபோய் இலையில் வைத்தார்.

"என்னம்மா இது, இப்படி நாறுது?" என்றார் அதிகாரி.

"விடுதிக்கு வந்த கோஸ்தாங்க சார். எங்க புள்ளைங்க இதத்தான் துன்னுகினு இருக்காங்க. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"டீச்சர்!" என்று வார்டன் அதட்டினார்.

"நீங்க சும்மா இருங்க. சார் சாப்பிட்டுட்டா நான் பேசாம போய்டறேன்."

அதிகாரி இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டார்.

அடுத்து வந்த மூட்டையில் நல்ல கோஸ் இருந்தது. டீச்சருக்கு மாறுதல் உத்தரவும் வந்தது. படுக்கையிலிருந்த அம்மாவை மலையில் விட்டுவிட்டு, கீழே எலவனாசூர்கோட்டைப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். திரும்பி வர மனு மேல் மனு போட்டார். யாரும் அசையவில்லை. ஒரு நாள் அந்தப் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வேறு எதையும் யாரும் பேசவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அதே வார்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க கைமணம் யாருக்கும் வராதுங்க" என்றார். நான் எழுந்துவிட்டேன். "எந்தப் பொரியல சொல்றீங்க? அன்னைக்கு இலையில வச்சாங்களே, அதையா?" என்று கேட்டேன். தலைமையாசிரியர் அவசரமாக எழுந்து, மௌன அஞ்சலி செலுத்தலாம் என்றார். அவர்களுக்கு மௌனம் நன்றாகவே வரும்.

டீச்சரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது விடுதிப் பிள்ளைகளிடம் பாடம் தொடங்கும்முன், "காலையில இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறேன். அது அவருடைய கேள்வி. பதிலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியாமல் போவதும் அவர் எனக்கு விட்டுச்சென்றதுதான்.