கணக்குக்கு ஏது பாஷை?

கேரள மலையிலுள்ள வண்டிப்பெரியாரில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் மழையும் மூடுபனியும் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்துவிடும். கரும்பலகை வியர்த்துப்போய், சாக்பீஸ் கோடு போடாமல் சோப்பு மாதிரி வழுக்கும். அந்தப் பலகையில்தான் நான் பத்தாம் வகுப்புக் கணக்கைப் படித்தேன்.

தேயிலை எஸ்டேட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் தமிழ்ப் பிரிவு ஒன்று இருந்தது. ஆனால் கணக்குக்குத் தமிழ் வாத்தியார் இல்லை. மலையாளப் பிரிவிலிருந்து ஒரு சார் வருவார். நல்ல மனிதர், பிரம்பைத் தொட்டதே இல்லை. பாடம் முடிந்ததும், புரிந்ததா என்று மலையாளத்தில், "மனசிலாயோ?" என்று கேட்பார். "மனசிலாயி சார்!" என்று கூரை அதிரக் கத்துவோம். பக்கத்தில் இருக்கும் முருகன் என் காதைக் கடிப்பான்: "ஏலே, என்னல மனசிலாச்சு ஒனக்கு?"

"பெல் அடிக்கப் போவுதுன்னு மனசிலாச்சு."

விளையாட்டாகச் சொன்னாலும் எனக்குக் கணக்கென்றால் ஆசை. அதில் தேறி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டால், "லயம்" என்ற அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறையைவிட்டு, கொழுந்து மூட்டை சுமக்கும் விதியைவிட்டு வெளியே போகலாம். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, கணக்கு ஒரே பாடம் போலத் தோன்றும். உள்ளே போனால் பல பிரிவுகள். எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுப்பது எண்கணிதம். அதில் எங்களுக்குத் தடங்கலே இல்லை. கோடு, வட்டம், முக்கோணம் பற்றியது வடிவியல். சார் படம் போட்டால் பாதி புரிந்துவிடும். தெரியாத ஒன்றுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, தெரிந்தவற்றைக் கொண்டு அதைத் தேடிப் பிடிப்பது இயற்கணிதம். மரத்தில் ஏறாமலே, நாம் நிற்கும் தூரத்தையும் அண்ணாந்து பார்க்கும் கோணத்தையும் வைத்து அதன் உயரத்தைச் சொல்வது முக்கோணவியல். பெய்த மழையையெல்லாம் குறித்துவைத்து அதன் போக்கைப் பார்ப்பது புள்ளியியல். நாளை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது நிகழ்தகவு.

இந்தப் பெயர்களை வகுப்பில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. சாருக்கு வடிவியல் "ஜ்யாமிதி", இயற்கணிதம் "பீஜகணிதம்", நிகழ்தகவு "ஸாத்யத". தமிழ்ப் புத்தகம் ஓணம் கழிந்துதான் வந்தது. அதைப் படிக்கச் சாருக்குத் தெரியாது, சொல்லித்தர ஆளில்லாமல் படிக்க எங்களுக்கும் தெரியாது. பொதுத்தேர்வுத் தாளோ நல்ல தமிழில் வந்தது. எண்ணாக இருந்ததைப் போட்டேன், தமிழ்ப் பெயராக இருந்ததையெல்லாம் விட்டேன். "நிகழ்தகவு காண்க" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் முருகன் அந்தக் கேள்வியைத் தன் அரைகுறை மலையாளத்தில் சாரிடம் சொன்னான். பெட்டிக்குள் சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து என்று அவன் ஆரம்பித்ததுமே சார் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, இது நினக்கறியாவுன்னதல்லே!" எனக்குத் தெரிந்ததுதான். போன மாதம் பலகையில் போட்டுக் காட்டிப் பாராட்டு வாங்கியதே நான்தான்.

முருகனும் நானும் தோற்றோம். "மத்தவனுக்கு ஒரு பாஷையில முட்டை, நமக்கு ரெண்டு பாஷையிலயும்லே," என்று அவன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "கணக்குக்கு ஏதுலே பாஷை? மலையாளத்துல ஒண்ணுன்னா தமிழ்ல ரெண்டாயிருமா? படிக்க வலிக்கி ஒனக்கு, அதைச் சொல்லு," என்றார். லயத்துப் பெரியவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நான் என்ன சொன்னாலும் அது சாக்காகவே கேட்டது. மறுவாரம் தேயிலை ஃபாக்டரியில் மூட்டை தூக்கப் போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மேலே எழுதிய பெயர்களையெல்லாம் வேலைக்கு நடுவே ஒரு பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

அந்தத் தமிழ்ப் பிரிவு இப்போது இல்லை. சேரப் பிள்ளைகள் இல்லை என்று மூடிவிட்டார்கள். ஏன் சேரவில்லை என்று எஸ்டேட்டுக்கு வந்து கேட்டவர் எவருமில்லை. வாத்தியாரே இல்லாத வகுப்பில் தோற்பதற்கென்று எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? மூடிய வருஷம் அங்கே சேராத பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.