ஏழாவது அடுக்கு

தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிய காலத்தில், கம்பம் எனப்படும் பழைய பலகை வீட்டுக் குடியிருப்புகளிலிருந்து குடிபோன பலருடைய அலமாரிகளைத் தோளில் சுமந்தவர் லாசரஸ். முகைதீனின் லாரியில் சாமான் ஏற்றி இறக்குவது அவர் வேலை. கண்ணாடி உரசாமலிருக்க அலமாரியைப் பழைய போர்வைகளால் சுற்றிக் கட்டுவார்கள். பழஞ்சேலை, கைலி, சட்டை என்று அடுக்கடுக்காக வைத்துக் கையால் தைத்த கனத்த போர்வைகள் அவை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அவற்றைக் கம்பத்திலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். லாரிக்கு அவை ஓசியில் கிடைத்தன.

ஒருநாள் கயிறு இறுக்கும்போது ஒரு போர்வையின் மூலை கிழிந்தது. உள்ளே வேறொரு போர்வை இருந்தது. அதன் கிழிசலுக்குள் இன்னொன்று. தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல், அதன் மேலேயே புதுத்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அன்றுமுதல் எந்தப் போர்வையைக் கண்டாலும் மூலையைப் புரட்டி எண்ணாமல் அவரால் இருக்க முடியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வார். அதற்குள் கை மூலையைத் தேடும்.

நல்லதாகத் தோன்றியவற்றை பஃபலோ ரோட்டில் இருந்த தங்கள் அறைக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் டின்னில் சலவைச் சோடா போட்டு வேகவைத்துக் காயப்போடுவார். மனைவி உர்சுலாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஊருல உள்ள பிள்ளைங்க மூத்திரமெல்லாம் நம்ம டின்னுலதான் வேகணுமா?" என்பாள்.

பொத்தோங் பாசிர் கம்பத்தில் மங்களம் என்ற விதவை விட்டுப்போன போர்வைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. கிழிந்த ஒரு மூலையில் ஏழு விளிம்புகள் தெரிந்தன. ஏழாவது, அரக்குச் சிவப்பில் ஒரு நூலளவு. அது என்ன துணி? பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். தையல் ஏழையும் ஊடுருவி ஓடியது. பிரித்தால் போர்வையே இருக்காது. மங்களத்திடம் கேட்கலாம்.

"கேட்டா அது உங்களுக்கு இல்லைன்னு வச்சுக்குங்க" என்றாள் உர்சுலா. "நீங்க வெளுத்து வச்சிருக்கிற அழகைப் பார்த்து யாரு விடுவா?"

அவள் சொன்னது சரி என்று லாசரஸுக்குத் தெரியும். மூன்று வாரம் கேட்காமல் இருந்தார். நான்காவது ஞாயிறு, பூசை முடிந்ததும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு, தோ பாயோவில் மங்களம் குடிபோன வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

மங்களம் அதை உடனே அடையாளம் காணவில்லை. இவ்வளவு சுத்தமாக அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். பிறகு மூலையை விரலால் விரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்.

"இது என் கைலி. இது பெரியவ ஸ்கூல் கவுன். இது அவரு ஹார்பர்ல போட்ட சட்டை, எண்ணெய்க் கறை பாருங்க. இதுவும் அவருதுதான். இது சாக்கு, தம்பி. ஜப்பான்காரன் காலத்துல இதைத்தான் உடுத்தினோம். ஒரே அரிப்பு." சாக்கைத் தொட்ட விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. "இது அவரு வேட்டி."

"அந்தச் சிவப்பு, அக்கா?"

மங்களம் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எங்க அம்மா தச்சதுலா. கல்யாணத்துக்குக் கொடுத்து அனுப்பினாங்க. உள்ளே என்னன்னு நான் கேட்டதே இல்லை."

லாசரஸின் சட்டைப்பையில் சிறிய கத்தரிக்கோல் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தார். மங்களம் அதையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை லாசரஸ் பக்கமே தள்ளிவிட்டு, காப்பி போட எழுந்தார். போர்வையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டே போனார். அதைத் திருப்பிக் கேட்க லாசரஸுக்கு வாய் வரவில்லை.

வெறுங்கையோடு வந்தவரை உர்சுலா ஏற இறங்கப் பார்த்தாள். சோற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள்.

அதன்பிறகு லாரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மங்களம் வீட்டு ஒன்பதாவது மாடிச் சன்னலை அண்ணாந்து பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், துணி காயும் மூங்கில் கழியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்த கைலி வெளியே தெரியவில்லை. அதன்மேல், அந்த வீட்டுச் சன்னலில் தொங்கிய அதே மஞ்சள்பூத் திரைத்துணி, நான்கு மூலையும் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"எட்டு" என்றார் லாசரஸ்.

என்ன எட்டு என்று கேட்டார் முகைதீன். லாரி திரும்பும்வரை லாசரஸ் அண்ணாந்துகொண்டே இருந்தார்.