காற்று சிலிண்டரும் காதர் பாய் சம்சாரமும்

காற்றை இரும்புக்குள் அடைத்து மனுஷனுக்குக் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு; என்னைக் கண்டு சிரித்த முகம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அது யுத்த காலம். மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிராணவாயு சிலிண்டரை உருட்டிப் போய்க் கட்டில் தலைமாட்டில் நிறுத்தி, சாவி போட்டுத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஊர்ப் பேச்சு வாங்கினவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் பட்டது சட்டென்று விளங்கும்.

லஸ் மூலையில் விசாரணை

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். புது சிலிண்டரை ரயிலடியிலிருந்து கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருவேன். ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்று ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிய நேரம் அது. கறுப்பாக, நீளமாக, மூக்கு கூராக ஒரு இரும்பைப் பார்த்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? லஸ் மூலையில் போலீஸ்காரர் வண்டியை மறித்து, தடியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். தட்டின கையோடு அவரே இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "உள்ளே என்ன?" என்றார்.

"காத்துங்க" என்றேன். அவர் நம்பவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கொய்யாப்பழம் விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "காத்த அடைச்சு வண்டில தள்ளிக்கினு போறானாம். வெளியில கீற காத்துக்கு இன்னா ஆச்சு, அதுக்கும் ரேஷனா?"

மாமாவின் கணக்கு

வார்டில் வெங்கு மாமா என்று ஒருவர். கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் கட்டி, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சிலிண்டர் எந்தக் கட்டிலுக்குப் போகிறதோ, அந்தக் கட்டிலுக்குப் பின்னாலேயே வெள்ளைத் துணியும் வரும் என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். சக்கரச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் அவருக்கு அடுத்த கட்டிலுக்குப் புது நோயாளி வந்தார். நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போனேன். மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நான் தாண்டிப் போனதும் மெதுவாகக் கேட்டார். "எனக்கில்லையேப்பா? அப்போ சரி. ஆத்துல ஒண்ணும் சொல்லிண்டு வரலை, அதான் கேட்டேன்."

புகை வராத ஹுக்கா

அந்தப் புது நோயாளிதான் காதர் பாய். வீடு வீடாகப் பாத்திரம் வாங்கி, தெருவோரத்தில் துருத்தி ஊதி ஈயம் பூசுகிறவர். கரிப்புகையும் பீடியும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. உதடு நீலம் பாரித்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து மூச்சுக்குப் போராடினார். "நிறைய விடு" என்றார் டாக்டர். திறந்துவிட்டேன். சிலிண்டர் காற்று ஒரு தண்ணீர் பாட்டில் வழியாகப் போய்த்தான் மூக்குக் குழாய்க்கு வரும். பாட்டிலில் குமிழி உலைபோலக் கொதித்தது.

அவர் சம்சாரம் ஜைனபீ என் கையைத் தடுத்தாள். இது மயக்க மருந்து, தூங்க வைத்து நெஞ்சை அறுக்கப் போகிறீர்கள் என்றாள். வெறும் காத்தும்மா என்று குழாயை என் மூக்கில் வைத்து இழுத்துக் காட்டினேன். அதற்கும் முகம் தெளியவில்லை. காதர் பாய்தான் மூச்சுக்கு நடுவே பாட்டிலைப் பார்த்துச் சொன்னார். "ஹுக்கா மாதிரி கொதிக்குது... புகையக் காணோமே... இதுலயும் ஏமாத்துறானுங்களா?"

நல்ல தூக்கம்

சாயங்காலத்துக்குள் உதட்டு நீலம் போய்விட்டது. முகத்தில் ரத்தம் ஓடியது. இழுப்பு அடங்கி, பாய் மல்லாந்து தூங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் போய் வரும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி குறைந்திருந்தது. சிலிண்டர் கழுத்துத் திருகைக் கூட்டி வைப்பேன், மறுபடி குறைந்திருக்கும். வெங்கு மாமா கண்ணைக் காட்டினார்: "அந்தம்மாதான் திருகறா."

பெண்டாட்டியே புருஷன் மூச்சை மூடுவாளா? மனசில் என்ன வைத்திருக்கிறாள்? சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் திருகினேன். இந்த மனுசன் படுத்துத் தூங்கி வருசக்கணக்காச்சு, உக்காந்துதான் தூங்குவாரு. ஒரு தபா கூப்ட்டா ரெண்டு தபா திட்டுவாரு. இப்போ கிள்ளினாக்கூட திட்ட மாட்டேங்கறாரு. இது இன்னா தூக்கம், நீயே சொல்லு."

மணிக்கட்டு ரத்தம்

அவள்மேல் புகார் சொல்லத்தான் டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து பாயை உலுக்கினார். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. டாக்டர் முகம் மாறிவிட்டது. நாடி துடிக்கிற இடத்தில், மணிக்கட்டில் ஊசி இறக்கி ரத்தம் எடுத்தார். "இப்போ ரத்தமுமா?" என்று ஜைனபீ புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஊசிக்குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குங்குமச் சிவப்பு. நல்ல ரத்தம் சார் என்றேன் நான்.

"அதுதான் எனக்குச் சந்தேகம்" என்றார். "நல்ல காற்று வேண்டிய மட்டும் உள்ளே போயிருக்கு. அது போதும்னு நெஞ்சு மூச்சு விடறதைக் குறைச்சுடுச்சு, கெட்ட காற்று வெளியே வரலை. அதுதான் ஆளை அமுக்குது. நிறைய விடச் சொன்னவன் நான்." திருகில் அவரே கை வைத்தார். அடியோடு மூடவில்லை, குமிழி ஒவ்வொன்றாக வருகிற அளவுக்குக் குறைத்தார். ஊசி போட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தட்டி இருமச் செய்தோம். தூங்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி ஜைனபீயிடம் விட்டார்.

அவர் இத்தனை வருஷம் திட்டினதையெல்லாம் அவள் திருப்பிக் கொடுத்தாள். குரல் கம்மிப்போயும் விடவில்லை. காக்கை கத்துகிற நேரத்துக்குப் பாய் கண்ணைத் திறந்தார். "ஏன்டி கத்துற, நான் இன்னா செவிடா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "திட்டிட்டாரு. இப்போ உன் காத்து வரட்டும் அண்ணே, கொஞ்சமா. நான் பாத்துக்கினே கீறேன்."

அந்த உத்தியோகத்தில் நான் கண்டது இதுதான்: என் சிலிண்டரை நம்பின நானும் டாக்டரும் நிம்மதியாக இருந்துவிட்டோம், சந்தேகப்பட்டவள்தான் ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.