மதகைத் திறந்த மேயர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நாற்பதை நெருங்கிய வயதில் அவள் பல்கலைக்கழகத்தில் அரசியல் தலைமைத்துவம் படிக்கப் போனதற்குக் காரணம், தேர்தலில் தோற்றுப்போன ஒரு வேட்பாளர்.

அந்த நகர மன்றத் தேர்தலில் அவருக்குப் பிரசார ஜீப் ஓட்டியது அவள்தான். நல்ல மனிதர். பேச்சும் மோசமில்லை. தெருத்தெருவாக அதையே கேட்டுக் கேட்டு, அவர் இருமத் தொடங்கினால் மீதியைத் தானே முடித்துவிடலாம் போல அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. கடைசியில் மனிதர் மண்ணைக் கவ்வினார். ஏன் என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். அவளால் அதை அப்படியே விட முடியவில்லை.

"அந்த மனுஷன் ஏங்க தோத்தாரு?" என்று சாப்பாட்டுக்கு நடுவே கணவரைக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள்.

கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். "அது தெரிஞ்சா நான் ஏன் இருமல் மருந்து வித்துக்கிட்டிருக்கேன்? பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே சனி, ஞாயிறு வகுப்பு நடத்துறாங்களாம். அங்க போய்க் கேளு. என் உயிரை வாங்காதே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாடம் நடத்திய பேராசிரியை முன்பு ஒரு மேயருக்குச் செயலாளராக இருந்தவர். "புத்தகத்தை வீட்டுல படிச்சிட்டு வாங்க. இங்க சண்டை போடலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கிளட்ச் அக்காவுக்கு அது தேனாக இனித்தது. ஒருவர் சொல்வதை ஊர் ஏன் கேட்கிறது, அதையே இன்னொருவர் சொன்னால் ஏன் கொட்டாவி விடுகிறது என்பதற்கெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து பதில் தேடியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. படித்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் கார் பழக வந்தவர்களுக்குக் கூட்டணி ஆட்சியைப் பற்றி விளக்கினாள். பாவம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர்களால் எங்கே ஓட முடியும்?

இரண்டாம் ஆண்டில் வகுப்பையே ஒரு நகர மன்றமாக மாற்றினார் பேராசிரியை. மூன்று கட்சிகள், ஒரு மேயர். கிளட்ச் அக்கா மேயர் பதவிக்கு நின்றாள். அவளுக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அதுவும் அவளே போட்டது. ஜெயித்தவன் விழாக்களில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த இளைஞன். கையில் கிடைத்த மைக்கை லேசில் விடமாட்டான் என்பதால் அவன் பெயரே மைக் என்றாகிவிட்டது. அக்காவுக்குக் கிடைத்தது மூன்றில் சின்னக் கட்சியின் தலைமை. சந்தை வியாபாரிகளின் கட்சி, மைக்கின் கட்சி இரண்டுக்கும் பெரும்பான்மை இல்லை. அவளுடைய ஆட்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஆட்சி.

அந்தக் கல்விப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை நெருக்கடிப் பயிற்சி. பேராசிரியை அவ்வப்போது ஒரு துண்டுச் சீட்டோடு உள்ளே வருவார். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் ஊர் நிலவரம். காலையில் மழை. பிறகு ஏரிக்கரையில் விரிசல். அதற்குப் பிறகு வந்த சீட்டைப் படித்ததும் யார் முகத்திலும் ஈயாடவில்லை: மதகைத் திறந்தால் சந்தை மூழ்கும், திறக்காவிட்டால் கரை உடைந்து குடியிருப்புகள் போகும்.

மைக் எழுந்து நின்றான். "ஒரு குழு அமைச்சு ஆராயலாம்" என்றான்.

"தண்ணி குழுவுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று கிளட்ச் அக்கா வெடித்தாள். அந்தச் சூட்டிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தாள். சந்தைக் கட்சியும் சேர்ந்து கை தூக்க, மைக் கவிழ்ந்தான். அவள் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"மதகைத் திறங்க" என்று உத்தரவு போட்டாள்.

அடுத்த சீட்டு வந்தது: மன்றத் தீர்மானம் இல்லாமல் திறக்க மாட்டேன் என்கிறார் பொறியாளர். அவள் ஓட்டுக்கு விட்டாள். சந்தைக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் எதிர்த்துக் கை தூக்கினார்கள்.

"இப்பத்தானே எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"அவரை இறக்கத்தான் போட்டோம். எங்க கடைங்களை முக்கவா போட்டோம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அந்தக் கட்சியின் தலைவியாக இருந்த மாணவி.

கிளட்ச் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தக் கட்சியில்கூட இரண்டு பேர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விறுவிறுவென்று தாழ்வாரத்துக்கு வந்தாள். தண்ணீர்க் குழாய் அருகே மைக் ஒரு பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, நாற்காலி வசதியா இருக்கா?"

"கிண்டல் பண்ணாதே. சந்தைக்காரங்க மசிய மாட்டேங்கிறாங்க."

"நான் எதுக்குக் குழுன்னு சொன்னேன்னு நினைச்சீங்க? விரிசல்னு சீட்டு வந்ததுலேருந்தே அவங்க தலைவியோட பேசிக்கிட்டிருந்தேன். சரக்கைப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திக் குடுத்தா ஒத்துக்கறோம்னு அரை மனசுக்கு வந்துட்டாங்க. அதுக்குள்ள நீங்க என் காலை வாரிட்டீங்க."

"அதைச் சபையில சொல்லியிருக்கலாமே?"

"பேச்சு முடியறதுக்கு முன்னாடி சொன்னா அவங்க ஆளுங்களே தலைவியைப் பிய்ச்சு எடுத்துடுவாங்கக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. பயந்து போய்க் குழு கேட்கிறான் என்று நினைத்திருந்தாள். அவனோ அமைதியாகக் காரியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"சரி, தப்புதான். இப்ப நீ போய்ப் பேசி முடி. உனக்கு என்ன வேணும்?"

மைக் யோசிக்கவே இல்லை. "அறிவிப்பை நான் படிப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிச்சுத் தொலை."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக ஓடியது. மைக் ஒரு மூலையில் சந்தைத் தலைவியோடு குசுகுசுத்தான். கிளட்ச் அக்கா இன்னொரு மூலையில் தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். லாரிகளைக் கொடுப்பதாக ஒருவர், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவதாக ஒருவர் என்று வழி பிறந்தது. தீர்மானம் நிறைவேறியது. மைக் கரகரத்த குரலில், நிஜ வெள்ளமே வந்ததுபோல அறிவிப்பைப் படித்தான். மதகு திறந்தது.

கடைசிச் சீட்டோடு பேராசிரியை வந்தார். "வீடுகள் தப்பின. சந்தையில் இடுப்பளவு தண்ணீர். அடுத்த தேர்தலில் மேயரின் கட்சி எல்லா இடங்களிலும் தோற்றது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜீப்பில் ஏறிப் பேசிய அந்த நல்ல மனிதர் தெருவைப் பார்த்துப் பேசினாரே தவிர, தெருவில் ஒருவரிடமும் உட்கார்ந்து பேசியதில்லை என்பது சிரிப்பினூடே அவளுக்குப் பளிச்சென்று பட்டது.

வீட்டுக்குப் போகப் பொறுமை இல்லை. நேரே மருந்துக்கடைக்குப் போய், கணவர் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். மருந்து வாங்க வந்திருந்த தையல்காரம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் சந்தைச் சரக்கு எல்லாம் பத்திரமா வந்துச்சா?" என்றார் கவலையோடு.

"அம்மா, அது வகுப்புல நடந்தது" என்றார் கணவர்.

"எங்க நடந்தா என்ன? நம்ம தெருக் கால்வாய்க்கு இப்படிப் பேச ஒருத்தர் உண்டா? அடுத்த தேர்தல்ல இவங்களையே நிக்கச் சொல்லுங்க."

கணவர் அவளைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். "என்னைப் பார்க்காதே. நான் சொன்னா உடனே போய்ச் சேர்ந்துடுவே" என்றார் அவர். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படிப்பு முடியும் தறுவாயில் நகர மன்றத் தேர்தல் வந்தது. அவள் நின்றாள். ஜீப் வைக்கவில்லை. வீடுவீடாகப் போய் உட்கார்ந்து, கால்வாய் யார் வீட்டு வாசலில் அடைக்கிறது, யார் குப்பையைக் கொட்டுகிறார்கள் என்று கேட்டாள். கொட்டுகிறவர்கள் வீட்டுக்கும் போனாள். மைக் உடன் வந்தான். பேசாமல் இருப்பதற்கு அவன் பட்ட பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. தையல்காரம்மா தன் வாடிக்கையாளர்களில் ஒருவரையும் விடவில்லை. அளவெடுக்கும் நேரத்திலேயே ஓட்டுக் கேட்டுவிடுவார். ஓட்டு எண்ணிக்கையன்று கணவர் முதல்முறையாகப் பட்டப்பகலில் கடையை அடைத்துவிட்டு வந்தார். முடிவைச் சொன்னபோது மைக் அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அவரைத் தூக்கினான். அவள் ஜெயித்திருந்தாள்.

மறுநாள் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு. போனாள். ஆனால் வெற்றிக் களிப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. பேராசிரியை வெந்நீர் கொடுத்து, தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அதே நாளில்தான் நிஜ மன்றத்தின் முதல் கூட்டமும் வந்தது. கூட்டம் நீண்டுகொண்டே போனது. முடிந்த கையோடு ஓடி, படிகளில் தாவி ஏறி, மூச்சிரைக்கத் தேர்வு அறைக்குள் நுழைந்தாள்.

"என்ன நடந்தது அங்க?" என்றார் இன்னொரு தேர்வாளருடன் உட்கார்ந்திருந்த பேராசிரியை, கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். கால்வாயைப் பேச்சுக்கு எடுத்ததும் யார் யார் நெளிந்தார்கள், யார் தேநீர் இடைவேளையில் வந்து ரகசியமாகக் கை கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தேர்வாளர்கள் இருவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். நேரம் முடிந்தது என்று யாரோ கதவைத் தட்டியபோதுதான், தாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதே அவர்களுக்கு உறைத்தது.