வயதில்லாத கரும்பு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டு, ஒருவழியாக லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் அது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் கணினி அறைக்கு நான் பொறுப்பாளர். வயலில் தேங்கிய கரும்பை வயதுவாரியாக வரிசைப்படுத்தி யார் எப்போது வெட்டலாம் என்ற கட்டிங் ஆர்டர் அச்சிட வேண்டும். கணினி இயந்திரத்தோடு வந்த நிரல் அவ்வளவு பெரிய பட்டியலைக் கண்டதும் படுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஓர் இலவச மென்பொருள் சென்னையிலிருந்து டேப்பில் வந்திருந்தது. அதன் மூலநிரலை எங்கள் யூனிக்ஸ் இயந்திரத்துக்கு ஏற்பக் கட்டியெடுக்க வேண்டும்.

வாசலில் நைனார்பாளையத்து விவசாயி ஒருவர் நின்றிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து வெட்டாட்களைக் கூட்டி வந்திருந்தார். சாயங்காலத்துக்குள் ஆர்டர் வராவிட்டால் அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

கட்டுமுன் எங்கள் இயந்திரத்தில் என்னென்ன வசதி உண்டு என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு வழி இரண்டு. இன்ன வசதி உண்டு, இன்னது இல்லை என்று இயந்திர வகைக்கொன்றாக யாரோ கையால் எழுதிவைத்த கோப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்வது ஒன்று. ஐந்து நிமிட வேலை. மற்றது, கன்ஃபிகர் என்ற நிரலை ஓட்டுவது. அது இயந்திரத்தையே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளும். அரை நாள் பிடிக்கும்; நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. முன்னுதாரணம் இருக்கும்போது விசாரணை எதற்கு என்பது அலுவலக தர்மம். எங்கள் இயந்திரத்தின் பங்காளி ஒன்றுக்கு எழுதிய கோப்பை எடுத்தேன். பிழைகள் திரை திரையாக ஓடின.

"அடுத்தவன் அளவுக்குத் தச்ச சட்டை சார், கிழியத்தான் செய்யும்," என்றார் சின்னசேலத்திலிருந்து வரும் இளம் பொறியாளர். "மிஷினையே கேட்டுடலாம்."

கேட்டோம். கரண்ட் பெருந்தன்மையாக இருந்தது. மதியத்துக்கு மேல் பட்டியல் வந்தது. எல்லார் கரும்புக்கும் வயது பூஜ்யம்.

விவசாயி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், எங்க கரும்பு இன்னும் பொறக்கவே இல்லீங்களா? அது முத்திப்போயி பூ வெச்சிக்கினு நிக்குது."

எழுத்தாக இருப்பதை எண்ணாக மாற்றும் வசதி எங்கள் இயந்திரத்தில் இருந்தது, வேலை செய்யவில்லை; எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்றது. கன்ஃபிகரோ, அந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, 'உண்டு' என்று எழுதிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நாற்காலியில் துண்டு, ஆள் மட்டும் இல்லை. நான் அறியாத விஷயமா?

"அந்த ஒரு வரிய நீங்களே திருத்துங்க சார். கையால எழுதுனதுக்குத்தான ஆசப்பட்டீங்க," என்றார் பொறியாளர்.

அதை மட்டும் 'இல்லை' ஆக்கினேன். மிச்சமெல்லாம் இயந்திரம் சொன்னபடியே. டேப்பிலேயே வந்திருந்த மாற்று நிரல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

பிரிண்டர் கத்தத் தொடங்கியபோது மலையாட்கள் மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். விவசாயி நீளத் தாளை அப்படியே உருவிக்கொண்டு ஓடினார். அடுத்தவர்களின் ஆர்டரும் அதில் இருந்ததால் பொறியாளர் பின்னாலேயே ஓடினார்.

"மூட்டைய எறக்குங்கப்பா, காலையில வெட்டு. டீ சொல்லட்டா?" என்றார் விவசாயி.

"டீ இருக்கட்டும்," என்றார் வெட்டாட்களில் மூத்தவர். "மொதல்ல சோத்த போடுங்க."